பட்டறை மாடியில் ஓர் இதழியல் துறை

எங்கள் துறையின் பெயரை 'ஸ்கூல்' என்று மாற்றிய செய்தியை வீட்டில் சொன்னபோது அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"காலேஜ் டீச்சரா இருந்தவள ஸ்கூலுக்கு எறக்கிட்டாங்களா? நீ இன்னா பண்ண?"

நான் ஒன்றும் பண்ணவில்லை, இது இறக்கம் இல்லை, ஏற்றம், வெளிநாடுகளில் பெரிய துறைகளை இப்படித்தான் அழைப்பார்கள் என்று விளக்கினேன். சம்பளம் குறையுமா என்று கேட்டார். குறையாது என்றேன். அப்படியானால் சரி என்று ரசத்துக்குப் போய்விட்டார். ஆனால் மனம் ஆறவில்லை போலிருக்கிறது. செங்கல்பட்டு பஜாரில் எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களிடம், பொண்ணுக்கு வேலையில் சின்னச் சிக்கல், அல்லா கிருபையில் சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குக்கருக்கு கேஸ்கட் வாங்க வந்த ஒரு அம்மா என்னை ரயில் நிலையத்தில் பார்த்துத் துக்கம் விசாரித்தார்.

பெயர் மாற்றத்தோடு புதுக் கட்டடத் திறப்பு விழாவும் வந்தது. விழாவுக்கு ஒரு மலர். மலருக்குத் துறையின் வரலாறு. அதை எழுதும் வேலை என்னிடம் வந்தது. துறை தொடங்கிய முதல் வருஷமே மாணவியாகச் சேர்ந்து, இப்போது ஆசிரியையாகவும் இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று டீன் சொன்னார். அவர் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், நிறுவனருடைய தொலைநோக்குப் பார்வை பற்றி இரண்டு இடத்திலாவது வரட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எங்கள் துறை எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியும். அதில் பார்வைக்குப் பங்கு உண்டு. ஆனால் பார்க்கப்பட்டது ஒரு பாம்பு.

மறைமலைநகரைத் தாண்டி, ஏரியை ஒட்டி எங்கள் கல்லூரியைக் கட்டினார்கள். அப்போது பொறியியல் மட்டும்தான். ஒரு மழைக்காலத்தில் ஆண்கள் விடுதியின் குளியலறைக்குள் பாம்பு வந்துவிட்டது. உள்ளூர் நிருபர் ஒருவர் அதை மறுநாள் பேப்பரில் படத்தோடு போட்டுவிட்டார். சேர்மன் கொதித்துப்போனார். ஏரிக்கரையில் கல்லூரி கட்டினால் பாம்பு வராமல் பஸ்ஸா வரும் என்று கேட்டார். பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து நிருபரை மாற்றச் சொன்னார். அவர்கள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நடந்த கூட்டத்தில் எல்லாருக்கும் டீ கொடுத்தவர் அலுவலக உதவியாளர். அவர் இந்தக் கதையை எத்தனையோ வருஷம் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பாம்பு கொஞ்சம் நீளும். முதலில் தண்ணீர்ப் பாம்பாக இருந்தது, அவர் ஓய்வு பெறுவதற்குள் நல்ல பாம்பாகிப் படமும் எடுத்துவிட்டது. ஆனால் சேர்மன் பேசியது மட்டும் எல்லா முறையும் ஒரே மாதிரிதான் வரும்.

"இந்த ரிப்போர்ட்டருங்க எல்லாம் எங்கருந்து வர்றானுங்க?" என்று கேட்டாராம் சேர்மன்.

அதுக்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, படித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப நம்மளே அந்தப் படிப்ப நடத்தலாம். நம்ம காலேஜ்ல படிச்ச பசங்களா இருந்தா நம்ம பேச்சக் கேப்பானுங்க."

இப்படித்தான் இதழியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை தொடங்கப்பட்டது. இடம்தான் இல்லை. ஆட்டோமொபைல் பொறியியலின் பட்டறைக்கு மேலே ஒரு மாடி காலியாகக் கிடந்தது. அதைக் கொடுத்தார்கள். கீழே எந்நேரமும் யாராவது ஒருவர் எதையாவது சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார். ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று மேலே பாடம் நடக்கும்போது, கீழே அந்தத் தூணை இடிக்கிற மாதிரி சத்தம் வரும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையும் காது சம்பந்தப்பட்டதுதான். அந்த வருஷமே அங்கே புதிதாகத் தொடங்கிய பி.காமில் என்னைச் சேர்க்க அத்தா அழைத்துப் போனார். படித்து முடித்துக் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் போன அன்று பி.காம் நிரம்பிவிட்டது. சேர்க்கை மேசையில் இருந்தவர் எங்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், "மாஸ் காம் கீது பாய், அதுல சேத்துடுங்க" என்றார்.

"அதுவும் காம்தானே?" என்றார் அத்தா.

"காம்தான் பாய்."

"மாஸ்னா பெருசு இல்ல?"

அவர் யோசித்துவிட்டு, ஆமாம், ரொம்பப் பெரிசு என்றார். அத்தா திருப்தியாகச் சேர்த்துவிட்டார். பஜாரில் எல்லாரிடமும் பொண்ணு பெரிய பி.காம் படிக்கிறாள் என்று சொன்னார். எனக்கும் முதல் இரண்டு வாரம் கணக்கு எப்போது வரும் என்ற பயம் இருந்தது.

கணக்கு வரவில்லை, துறைத்தலைவர் வந்தார். ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் மேசையிலேயே வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து ரயிலில் வருவார். கேமராவைத் தொட்டதில்லை, கம்ப்யூட்டரைக் கண்டால் ஒதுங்கிப் போவார். யார் எதைச் சொன்னாலும் "யார் சொன்னது?" என்று கேட்பதுதான் அவருடைய மொத்தப் பாடத்திட்டம். மழை வருகிறது சார் என்றால், யார் சொன்னது என்பார். ஜன்னலைக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார். ஒரு நாள் உதவியாளர் வந்து, சேர்மன் கூப்பிடுகிறார் என்றார். சார் பழக்கத்தில் யார் சொன்னது என்று கேட்க, அது சேர்மன் காதுக்குப் போய், விளக்கம் கேட்டு ஆள் வந்தது.

இரண்டாம் வருஷத்தின் கடைசியில், துறைக்குத் தொடர்ந்து அனுமதி கொடுப்பதா என்று பார்க்க ஒரு ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. மாணவர்கள் எடுத்த படம் ஏதாவது காட்ட வேண்டும். எங்களிடம் படமும் இல்லை, கேமராவும் இல்லை. கடைசியில் சேர்மன் தன் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கேமராவைக் கொடுத்து அனுப்பினார். உள்ளே இருந்த டேப்பில் கல்யாணப் பந்தியில் அவருடைய மச்சான் சாப்பிடுவது இருந்தது. அதை அழித்துவிடக் கூடாது, அதற்குப் பிறகு மிச்சம் இருக்கிற இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு.

கேமரா பையோடு நான் வீட்டுக்குப் போன அன்றுதான் அத்தா, கணக்குப் படிப்புக்கு இது எதற்கு என்று கேட்டார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தா, எத்தனை வருஷம் முடிந்தது என்று விசாரித்தார். ரெண்டு முடியப்போகிறது, ஒன்று பாக்கி என்றேன்.

"பாதிக்கு மேல போயிட்ட. இப்ப விட்டா முழுசும் லாஸ். முடிச்சிடு" என்றார். வியாபாரியின் மகளாகப் பிறந்ததற்கு அன்றைக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் மூன்று பேர் படம் எடுக்கக் கிளம்பினோம். நான் கேமரா. அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்பிலிருந்து வந்த என் தோழி ஒலிப்பதிவு. அவள் வளர்ந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒத்திகை உண்டு என்பதால், மைக்கை நீட்டுவதற்கு முன்னால் எல்லாரையும் ஒருமுறை சும்மா பேசச் சொல்வாள். மூன்றாவது ஆள் வகுப்பிலேயே உயரமான பையன், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம், நெல் விவசாயக் குடும்பம். இயக்குநர் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான்.

முதலில் மாமல்லபுரம் போனோம். ஒவ்வொரு பாறைக்கு முன்னாலும் சென்னையிலிருந்து வந்த ஒரு மாணவர் குழு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஸ்டாண்டை விரித்தவுடன் காவலர் வந்து, அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றார். கடற்கரைக்குப் போனால் மைக்கில் காற்று மட்டும்தான் பேசியது. பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு என்ன செய்வது என்று யோசித்தபோது இயக்குநர்தான் திருவிடந்தையைச் சொன்னான். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே பெருமாள் கோயிலுக்கு வந்து வேண்டிக்கொள்வார்கள். சாமிக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றி வந்து, அதை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து பழைய மாலையைச் செலுத்துவார்கள். படத்துக்கு நல்ல விஷயம். ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் இருக்கும்.

கூட்டம் இருந்தது. ஆனால் ஒருவரும் பேச வரவில்லை. கேமராவைத் தூக்கினால் கழுத்தில் மாலையோடு இருக்கிற எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தனக்கு இன்னும் வரன் அமையவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ள யாருக்கு ஆசை? கோயிலுக்கு வெளியே தெருவில் வெயிலில் நின்று நின்று சலித்த பிறகு, தானே மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்பதாக இயக்குநர் சொன்னான்.

அது பொய் ஆகாதா என்று எனக்குச் சந்தேகம். சாரின் மாணவி அல்லவா. அவன் அதையும் யோசித்து வைத்திருந்தான். "எனக்குக் கல்யாணம் ஆவலதான? அது நெசம்தான? நான் மாலை போட்டா நெசமான மாலைதான? அப்புறம் இன்னா பொய்?"

கல்யாணம் வேண்டும் என்று உனக்கு ஆசை இருக்கிறதா என்று தோழி கேட்டாள்.

"வேணாம்னு யாரு சொன்னது?" என்றான். சார் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

முறைப்படி உள்ளே போய் வேண்டி, மாலை வாங்கிச் சுற்றிவிட்டு வெளியே வந்தான். நான் வாசலுக்கு எதிரே நின்று எடுத்தேன். முதல் தடவை கேமரா ஆடிவிட்டது. இரண்டாம் தடவை குறுக்கே ஒரு வேன் வந்தது. அடுத்த தடவை அவன் சிரித்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் திரும்ப வாசலுக்குப் போய், முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, கூப்பிய கையோடு மெல்ல நடந்து வந்தான். பூக்கடை அம்மா வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யப்பா, ஒரு தபா வேண்டிகினா போதும். சும்மா சும்மா வந்துகினு இருந்தா பெருமாளுக்குக் கணக்கு கொழம்பிடும்" என்றார்.

கடைசியாக எடுத்ததுதான் அருமையாக வந்தது. வெயில் இறங்கியிருந்தது, அவன் களைத்துப்போயிருந்தான். அந்தக் களைப்பு முகத்தில் ஏக்கமாகத் தெரிந்தது. ஆனால் அவனுக்குப் பின்னால் அதே சமயம் மாலையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். கேமராவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நேரே என்னிடம் வந்தாள்.

"என் மூஞ்சி இதுல வந்துதா?"

கொஞ்சம் வந்தது என்றேன்.

"அழி."

எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த ஒரு காட்சியை இழக்க மனமில்லை. நான் பட்டன்களைத் தடவிக்கொண்டு நின்றபோது, அவளுடைய அண்ணன் பஸ் வந்துவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். போகிற போக்கில் அவர் எங்கள் இயக்குநரை உற்றுப் பார்த்துக்கொண்டே போனதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வேட்டி சட்டையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். எங்கள் இயக்குநரின் அப்பா. அந்த அண்ணன் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், பக்கத்து ஊர்க்காரர், இவருக்கு நன்றாகத் தெரிந்தவர். ராத்திரியே வீடு தேடிப்போய், உங்க பையன் திருவிடந்தையில் மாலையும் கழுத்துமாகத் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டிருந்தான், பார்க்கவே பாவமாக இருந்தது என்று சொல்லிவிட்டார்.

"படிக்க அனுப்சா கல்யாணத்துக்கு வேண்டிகினு நிக்கிறியாடா?" என்றார் அப்பா.

அது நடிப்பு என்று அவன் மெல்லச் சொன்னான்.

அவர் முகம் மாறியது. "சாமிகிட்டயா நடிச்ச?"

நடிப்பு என்றால் தெய்வக் குற்றம், உண்மை என்றால் கல்யாணம். நடுவில் நிற்க இடமே இல்லை. சார் எழுந்து வந்து, இது பாடத்துக்காக எடுத்த படம், தவறாக எண்ண வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னார். அப்படியானால் அந்தப் படத்தை நான் பார்க்க வேண்டும் என்றார் அப்பா.

டேப்பை ஓட்டினேன். முதலில் சேர்மனின் மச்சான் வாழையிலையில் வடையை எடுத்துக் கடித்தார். அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பிறகு கோயில் வாசல் வந்தது. கடைசிக் காட்சியில் அவன் மாலையோடு, இறங்கிய வெயிலில், அந்தக் களைத்த முகத்தோடு நடந்து வந்தான். கீழே பட்டறையில் அதிசயமாகச் சுத்தியல் நின்றிருந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்ளோ ஏக்கத்த மனசுல வச்சிகினு இருந்திருக்கான். பெத்தவங்க நாங்க கவனிக்கல பாரு சார்."

எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் அத்தனை நன்றாக நடித்துத் தொலைத்திருந்தான். படிப்பு முடிகிற வரைக்கும் பொறுங்கள் என்று சார் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். போகும்போது அப்பா திரையில் பின்னால் நின்ற பெண்ணைக் காட்டி, இது அந்த டிரைவரோட தங்கச்சியாச்சே என்றார். அப்படித்தான் அவள் யார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் அவளைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே, கார் பாகம் செய்யும் தொழிற்சாலைச் சீருடையில், வேலை முடிந்த கையோடு அவளே மாடிப்படி ஏறி வந்தாள். யார் இங்கே பெரிய ஆள் என்று கேட்டாள். சாரைக் காட்டினோம். தன் முகம் படத்தில் இருக்கக் கூடாது, கம்பெனியில் எல்லாரும் பார்த்தால் கேலி செய்வார்கள் என்றாள். சார் எங்களைத் திட்டுவதற்கு முன்னால் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு எங்களைத் திட்டினார். இந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் அந்தக் காட்சியை உபயோகிக்கக் கூடாது, வேறு எடுங்கள் அல்லது போய்ச் சம்மதம் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேறு எடுக்க இயக்குநர் மறுத்துவிட்டான். இன்னொரு தடவை மாலையோடு அவனை யாராவது பார்த்தால் அப்பா மண்டபமே பேசிவிடுவார். ஆகவே சம்மதம் வாங்குவது என்று முடிவாகி, அவனே போவதாகச் சொன்னான். அவள் ஏறும் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். முதல் நாள் அவள் பேசவில்லை. மறுநாள், பஸ் வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லு என்றாள். இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாளும் போனான். இதில் அவன் மறந்துபோன ஒரு விஷயம், அந்த பஸ்ஸை ஓட்டுவது அவளுடைய அண்ணன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு தினமும் இதைப் பார்த்தார். தினமும் இவனுடைய அப்பாவுக்குத் தகவல் போனது.

கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். முகம் வரலாம், ஆனால் சும்மா பின்னால் போகிற ஆளாக வர முடியாது, தான் சொல்ல வேண்டியதும் படத்தில் வர வேண்டும் என்றாள். ஒரு விடுமுறை நாளில் நான் போய் எடுத்தேன். தோழி ஒத்திகைக்காகச் சும்மா ஏதாவது பேசச் சொன்னாள். அதெல்லாம் வேண்டாம், ஒரே தபா சொல்வேன், எடுத்துக்கங்க என்றாள். கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்குக் கல்யாணத்துக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நைட் ஷிஃப்ட் இல்லாத வேலை வேணும்னுதான் வேண்டிகினேன். எங்க அண்ணன்தான் மாலைய வாங்கிக் குடுத்துச்சு. கையில வாங்கிட்டேன், கீழயா போட முடியும்?"

நாங்கள் எடுத்த மற்ற எல்லாவற்றையும் விட இந்தச் சில நொடிகள் நன்றாக இருந்தன. நடிக்காமல் ஒருவர் பேசினால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆய்வுக் குழு வந்தது. தலைமை தாங்கியவர் வடக்கிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, தமிழ் தெரியாது. சேர்மன், பதிவாளர் எல்லாரும் முன் வரிசையில். படம் தொடங்கியது. நாங்கள் டேப்பைச் சரியான இடத்துக்கு ஓட்டி வைத்திருந்தும், பதற்றத்தில் யாரோ பின்னால் ஓட்டிவிட்டார்கள். மச்சான் வந்தார். வடையைக் கடித்தார். பேராசிரியை இதுவும் படத்தின் பகுதி என்று எண்ணிக் குறிப்பெடுத்துக்கொண்டார். சேர்மன் மட்டும் பெருமையாகத் தலையாட்டினார்.

அந்தப் பெண் பேசிய இடம் வந்ததும் சார் ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். படம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெண்ணுக்குப் பகல் வேலை கிடைத்ததா என்பதுதான். எங்களுக்குத் தெரியாது. நல்ல பதிலாக இருக்கட்டும் என்று பதிவாளர் எழுந்து, கிடைத்துவிட்டது மேடம், எங்கள் படத்தால்தான் கிடைத்தது என்றார்.

"யார் சொன்னது?" என்றார் சார்.

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. எதிரே இருப்பவர் பதிவாளர், பக்கத்தில் சேர்மன் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் உறைத்தது. கீழேயிருந்து சுத்தியல் சத்தம் மட்டும் வந்தது. சார் என்ன கேட்டார் என்று பேராசிரியை விசாரித்தார். ஒரு வழியாக மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் பதிவாளரைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பேனாவை மூடினார். தங்கள் மேலதிகாரியையே இப்படிக் கேட்கிற துறை நன்றாகத்தான் நடக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அனுமதி வந்துவிட்டது.

சேர்மன் துறையின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது. அடுத்த வருஷம் புது விடுதி திறந்தபோது அதைப் பற்றி நல்லதாக எழுதச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் சுவர்ப் பத்திரிகையில், விடுதியில் காலையில் தண்ணீர் வருவதில்லை என்று எழுதினோம். அவர் நடைபயிற்சியில் நின்று முழுவதும் படித்தாராம். பிறகு பதிவாளரிடம், "இவனுங்க நம்ம பசங்கதானே?" என்று மட்டும் கேட்டாராம். தண்ணீர் வந்தது.

எங்கள் இயக்குநர் படிப்பை முடித்துச் செங்கல்பட்டிலேயே ஒரு தொலைக்காட்சிக்குச் செய்தி அனுப்பும் வேலையில் சேர்ந்தான். சம்மதம் வாங்கிப் படமும் காட்டியாகிவிட்ட பிறகும் அவன் அந்த பஸ் நிறுத்தத்துக்குப் போவதை நிறுத்தவில்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அவனைக் கேட்டால் அது போகிற வழி என்பான். அது எந்த வழியிலும் இல்லை. அவளுக்குப் பகல் வேலை கிடைத்தது, ஆனால் தானே மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டு வாங்கியது. கிடைத்த பிறகுதான் அவள் சரி என்றாள். அண்ணன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய கடைசித் தகவலையும் சொன்னார். கல்யாணம் முடிந்த வாரம் இரண்டு பேரும் சருகாகிப்போன தங்கள் இரண்டு மாலைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு திருவிடந்தைக்குப் போனார்கள். கூடவே நானும் போனேன், கேமரா இல்லாமல். பூக்கடை அம்மாவுக்கு அவனை மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வழியாகக் கணக்கு தீர்ந்தது என்று மனதுக்குள் சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் நான் டீனுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. அவர் படித்துவிட்டுச் சிரித்தார், பாம்பை எடுத்துவிடலாமா என்று கேட்டார். பாம்பை எடுத்தால் துறையே இல்லை என்றேன். கடைசியில் மலரில் வந்தது தொலைநோக்குப் பார்வைதான், இரண்டு இடத்தில். ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். அந்தப் பழைய டேப்பைத் தேடி எடுத்து, திறப்பு விழாவில் புது அரங்கத்துப் பெரிய திரையில் போட்டார். மச்சானையும் வெட்டவில்லை. இப்போதைய சேர்மன் அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளைதான். மாமா எவ்வளவு இளமையாக இருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் இயக்குநரும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். அவன் தலை நரைத்துப் பெரிய செய்தியாளன் ஆகிவிட்டான். அவள் அதே தொழிற்சாலையில் ஒரு பகுதி முழுவதையும் பார்த்துக்கொள்கிறாள், விழாவுக்காகப் பாதி நாள் விடுப்பு. அவள் பேசிய இடம் வந்தபோது, போனைத் தவிர வேறு எதையும் பார்க்காத எங்கள் மாணவர்கள் எல்லாரும் நிமிர்ந்து கைதட்டினார்கள். அவன்தான் கூச்சப்பட்டான். அவள் நேராக உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் முதலாண்டு மாணவி ஒருத்தி போனை நீட்டிக்கொண்டு அவளிடம் வந்தாள். ஆன்ட்டி, ஒரு சின்ன ரீல், ரெண்டே கேள்வி என்றாள்.

"எதுக்கு எடுக்கிற? எங்க போடுவ? நான் அழிக்கச் சொன்னா அழிப்பியா?" என்று கேட்டாள் அவள்.

மாணவி திகைத்து என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே யோசித்து, மூன்றுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். மூன்றாவது பதிலைச் சொல்லும்போது போனைக் கீழே இறக்கியிருந்தாள்.

"சரி. பாயசம் சாப்ட்டு வர்றேன். நீயும் ஒரு எல போட்டு உக்காரு" என்றாள் அவள்.